கவுன் சரியில்லை, கணக்கு சரி: பினாங்கில் 15 நாள் கதிர்வீச்சு சிகிச்சை

முதலில் கவுனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் கையில் கொடுப்பது அதைத்தான். வெளிர் நீலம், பாலியஸ்டர் கலந்த துணி, முதுகில் திறப்பு, கட்டிக்கொள்ள இரண்டு ஜோடி நாடா. அதில் ஒன்று அறுந்திருக்கும். மார்பில் சிகிச்சை எடுக்க வருகிறவர்களுக்கு முதுகில் திறக்கிற உடுப்பைக் கொடுக்கலாம் என்று எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ. எல்லாப் பெண்களும் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்தபடி, மறு கையில் கைப்பையோடு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

நான் லிட்டில் இந்தியாவில் 31 வருஷமாக ரவிக்கை தைக்கிறவள். அதனால் துணியில்தான் முதலில் கண் போகும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இது பினாங்குத் தீவில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவைப் பற்றியது. பெயர் போடவில்லை. நல்லதும் சொல்லப் போகிறேன், குறையும் சொல்லப் போகிறேன். போன தீபாவளிக்கு முன்னால் ஓர் அம்மாள் என் கடைக்கு இரண்டே நட்சத்திரம் போட்டு, "சொன்ன தேதிக்குத் தரவில்லை" என்று கடைப் பெயரோடு எழுதிவிட்டுப் போனார். உண்மைதான், மூன்று நாள் தாமதம். ஆனால் அந்த மூன்று நாள் நான் எங்கே இருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. மருத்துவமனையில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு யார் பெயரையும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரே படத்தில் அது சரியாகத் தெரியவில்லை, ஸ்கேனில்தான் பிடித்தார்கள். என் மார்பு அடர்த்தியான வகையாம். கொழுப்பு கறுப்பாகத் தெரியும், அடர்ந்த சதை வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டியபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தையலைப் பிரிக்கிற வேலை. கடையில் அதற்கென்றே ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

கட்டியை மட்டும் எடுத்தார்கள், மார்பை எடுக்கவில்லை. அப்புறம் 15 நாள் கதிர்வீச்சு. மொத்தம் 40 கிரே, வாரத்துக்கு 5 நாள், மூன்று வாரம். கிரே என்பது உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சின் அளவு. நமக்கு மீட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நாத்தனாருக்கு 2004-ல் கோலாலம்பூரில் இதே வியாதிக்கு 25 நாள் கொடுத்தார்கள், 50 கிரே. ஐந்து வாரம் செந்தூலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போய் வந்தார். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து, நாளைக் குறைத்தாலும் பலன் குறையவில்லை என்று 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 15 நாள் பரவியது. "அப்பவே இது இருந்திருந்தா நான் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருப்பேன்" என்று நாத்தனார் போனில் அழுதார். 20 வருஷம் கழித்தும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரின் இபிஎஃப் சேமநிதியிலிருந்து மருத்துவச் செலவுக்கென்று எடுத்தோம். பாரம் நிரப்ப மகன் உதவினான். ஆனால் பில்லில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. டாக்டர் கட்டணம், ஸ்கேன், 15 தடவை சிகிச்சை எல்லாம் தனித்தனி வரி. நடுவில் ஒரே சொல்லாக "பிளானிங்" என்று ஒரு வரி, அதற்கு ஒரு கனமான தொகை. அது என்ன என்று கவுண்டரில் கேட்டேன். "அது கம்ப்யூட்டர் வேலை ஆன்ட்டி" என்றது கவுண்டர்ப் பெண். சரி, கம்ப்யூட்டருக்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டு கட்டிவிட்டேன்.

சிகிச்சைக்கு முன்னால் அளவு எடுக்கும் நாள் ஒன்று உண்டு. அதற்கு முழு நட்சத்திரமும் கொடுப்பேன். சிடி ஸ்கேன் மேசையில் சாய்வாகப் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு தாங்கியில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் லேசர் கோடுகள் வந்து உடம்பின் மேல் விழுகின்றன. என் மேலே ஒரு பச்சைக் கோடு, குறுக்கே ஒன்று. நான் சாக்குக் கட்டியால் கோடு போடுவேன், இவர்கள் வெளிச்சத்தால் போடுகிறார்கள். கோடு சந்திக்கிற மூன்று இடத்தில் ஊசி நுனியால் மை வைத்தார்கள். பச்சை குத்துவதுதான், ஆனால் மச்சம் அளவு கூட இல்லை. தினமும் அந்தப் புள்ளிமேல் கோடு விழுந்தால்தான் ஆரம்பிப்பார்கள். சாக்குக் கட்டி என்றால் ஒரு குளியலில் போய்விடும் அல்லவா.

அப்புறம் மூச்சு. இடது மார்புக்குப் பின்னால்தான் இதயம். ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, மார்புச் சுவர் முன்னே வர, இதயம் உள்ளே தள்ளிப் போகிறது. அந்த இடைவெளி கிடைக்கிற நேரத்தில் மட்டும் கதிரை விடுவார்கள். ஒரு தடவைக்கு 20 விநாடி போல. இயந்திரத்தை ஓட்டுகிற ரேடியோகிராபர் ஒரு மலாய்க்காரப் பையன், மைக்கில் "தாரிக் நாஃபாஸ்… தாஹான்" என்றான். இழுத்து ஆற்றுகிற டீயான தே தாரிக் தெரியும், தாரிக் நாஃபாஸ் எனக்குப் புதுசு. சிரிப்பு வந்து மூச்சு போய்விட்டது. இரண்டாவது தடவை சரியாக இழுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் யாரிடமோ கேட்டு வந்து, "மூச்சு இழு… புடி" என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தான். "புடி"யில் அவன் கொடுத்த அழுத்தத்துக்கு நான் நிமிஷக் கணக்கில் பிடித்திருப்பேன்.

இதற்கு அப்புறம்தான் என் முதல் புகார். அளவு எடுத்துவிட்டு 12 நாள் காத்திருக்கச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. புற்றுநோய் என்று தெரிந்தவளுக்கு 12 நாள் என்பது என்ன என்று கவுண்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் அடித்தால் "பிளானிங் இன்னும் முடியல" என்பார்கள். மறுபடியும் அந்தச் சொல். ராத்திரி படுத்தால் உள்ளே அது வளருவது மாதிரி இருக்கும். மகன்தான் "கட்டியை ஏற்கனவே எடுத்தாச்சும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்வான்.

சிகிச்சை அறை சுமார். கனத்த கான்கிரீட் சுவர், வளைந்து போகும் நடை, கடைசியில் இயந்திரம். குளிர் அதிகம், ஒரு போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருவார்கள். இயந்திரம் உடம்பைத் தொடுவதே இல்லை. தலைபோல ஒரு பெரிய பகுதி நம்மைச் சுற்றி வருகிறது, பக்கவாட்டில் இரண்டு கை நீட்டிக்கொண்டு படம் எடுக்கிறது. கண்ணெதிரே ஒரு சின்னத் திரை: பச்சைப் பெட்டிக்குள் ஒரு கோடு. மூச்சை இழுத்தால் கோடு மேலே ஏறும், பெட்டிக்குள் நிற்க வேண்டும். கோடு பெட்டியை விட்டு வெளியே போனால் கதிர் தானாக நின்றுவிடும். எனக்கு வலி எதுவும் இல்லை. உள்ளே போய் வெளியே வர 15 நிமிஷம், அதில் கதிர் ஓடுவது கொஞ்ச நேரம்தான். அதற்காக வீட்டுக்காரரின் மோட்டாரில் ஆயர் ஈத்தாமிலிருந்து தினமும் ஒரு பயணம். நடுவில் தைப்பூசத்துக்கு ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று. முந்தின நாள் விடிகாலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டதை, கை தூக்கிக் கும்பிட முடியாமல் பாதி தூக்கிக் கும்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் இயந்திரம் நின்றுபோனது.

காலை 10 மணி அப்பாயின்ட்மென்ட். 11 ஆயிற்று, 12 ஆயிற்று. அந்த நீலக் கவுனில் 9 பேர். ஒரு சீனப் பாட்டி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கவுண்டரில் கேட்டால் "டெக்னிக்கல்". எவ்வளவு நேரமாகும் என்றால் "டெக்னிக்கல்". 1 மணிக்கு நான் எழுந்து, கவுனை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன். தமிழில்தான் கத்தினேன் போல. கோபம் வந்தால் எனக்கு மலாய் வராது.

பின்னால் ஒரு கதவு திறந்தது. கழுத்தில் அட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒரு திருப்புளி, முப்பது வயசுகூட இருக்காது, தமிழ்ப் பிள்ளை. அத்தனை நாள் போய் வந்தும் அவளை நான் பார்த்ததே இல்லை.

"ஆன்ட்டி, மன்னிச்சிக்குங்க. மிஷின்ல ஒரு லீஃப் சரியா நகரல. அதான் நிறுத்தி வச்சிருக்கோம்."

"லீஃப்னா?"

கதிர் வெளியே வரும் வாயில் இரண்டு பக்கமும் மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் இருக்கின்றனவாம். இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60. இரண்டு சீப்பை எதிரெதிரே பல்லோடு பல் வைத்த மாதிரி. ஒவ்வொரு பல்லுக்கும் தனி மோட்டார். கதிர் ஓடும்போதே பற்கள் முன்னும் பின்னும் நகர்ந்து, எங்கே விழ வேண்டுமோ அந்த வடிவத்துக்கு வெளிச்சத்தை வெட்டுகின்றன. அதில் ஒரு பல், நிற்க வேண்டிய இடத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட்டது.

"ரெண்டு மில்லிக்கா மூணு மணி நேரம்?"

அவள் கோபப்படவில்லை. "ஆன்ட்டி என்ன வேலை செய்றீங்க?" என்றாள்.

"ரவிக்கை தைக்கிறேன்."

"கைக்குழியில ரெண்டு மில்லி பிசகினா விட்டுருவீங்களா?"

"கைக்குழியில விடமாட்டேன். பாவாடையில விடுவேன்."

"இது கைக்குழி ஆன்ட்டி."

நான் உட்கார்ந்துவிட்டேன். இஞ்சினியர் வந்து மோட்டாரை மாற்றுவார், ஆனால் அவர் "சரி" என்று சொன்னால் மட்டும் போதாது, தான் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரையும் படுக்க வைப்பார்கள், இன்றைக்கு ஆகாது, சனிக்கிழமை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாள். ஒரு நாள் தள்ளிப் போனால் ஆபத்தில்லை என்றும் சொன்னாள். இந்த ஐந்து வாக்கியத்தை 10 மணிக்கே யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சீனப் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

"நீ யாரும்மா, இஞ்சினியரா?"

"ஃபிசிசிஸ்ட் ஆன்ட்டி. மருத்துவ இயற்பியலாளர். உங்க பிளான் நான்தான் போட்டேன்."

பில்லில் பார்த்த அந்த ஒரு வரி ரப்பர் செருப்போடு என் முன்னால் நின்றது.

சனிக்கிழமை கூட்டம் இல்லை. சிகிச்சை முடிந்ததும் அவளாகவே கூப்பிட்டு, பின்னறையில் என் பிளானைக் காட்டினாள். இரண்டு படம். ஒன்று சாதாரண மூச்சில், இதயம் மார்புச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று மூச்சைப் பிடித்தது, நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி, என் சுண்டுவிரல் அகலம் இருக்கும். அந்தக் கறுப்பு நுரையீரல் காற்று. 20 விநாடி மூச்சுப் பிடித்ததற்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது! இது ஏன் முக்கியம் என்றால், பழைய முறையில் கதிர் வாங்கிய பெண்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2013-ல் வந்ததாம். இதயத்துக்குப் போகும் சராசரி அளவு ஒரு கிரே கூடினால் மாரடைப்பு மாதிரி பெரிய இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் இடது பக்கத்துக்காரிகளை இப்படி மூச்சுப் பிடிக்க வைத்து வதைக்கிறோம் என்று சிரித்தாள்.

படத்தைச் சுற்றி வண்ண வண்ணமாகக் கோடுகள். சிவப்புக்குள் முழு அளவு, அதற்கு வெளியே மஞ்சள், பச்சை, நீலம் என்று குறைந்துகொண்டே போகிறது. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மார்பின் வளைவை ஒட்டி, அக்குள் பக்கம் திரும்பி, கீழே மடிப்பில் சரியாக முடிகிறது. 31 வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கப் வெட்டியிருக்கிறேன். என் உடம்புக்கு இவ்வளவு சரியாக யாரும் வெட்டியதில்லை, நானே வெட்டியதில்லை.

12 நாள் எங்கே போயிற்று என்பதற்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. ஸ்கேன் படத்தில் டாக்டர் எங்கே கதிர் வேண்டும் என்று வரைகிறார். இதயம், நுரையீரல், எதிர்ப் பக்க மார்பு எல்லாவற்றையும் வரைகிறார்கள். அப்புறம் இவள் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு விட்டால் அங்கே போகும், இங்கே போகாது என்று கணக்குப் போடுகிறாள். பிடிக்கவில்லையென்றால் திரும்பப் போடுகிறாள். டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகு அதை முதலில் என் மேல் விடுவதில்லை. உள்ளே அளவுமானிகள் பொதிந்த ஒரு பிளாஸ்டிக் உருளையைப் படுக்க வைத்து, அதே பிளானை அதன் மேல் ஓட்டி, கணக்கில் வந்ததும் நிஜத்தில் விழுந்ததும் ஒன்றா என்று பார்க்கிறாள். பட்டில் கத்தரி வைப்பதற்கு முன்னால் காடாத் துணியில் வெட்டிப் பார்ப்போமே, அதுதான். கல்யாணப் பட்டுக்கு நான் அதைச் செய்யாமல் விட்டதே இல்லை, அதற்கும் தேதி தள்ளிப் போகும், அதற்கும் திட்டு வாங்குவேன்.

தினமும் முதல் ஆள் வருவதற்கு முன்னால் காலையில் வந்து இயந்திரம் நேற்று கொடுத்த அளவைத்தான் இன்றும் கொடுக்கிறதா என்று அளப்பாளாம். 3 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் நிறுத்தம். அப்போது நான் ஆயர் ஈத்தாம் சந்தையில் தோசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு சுவரொட்டி. பழைய காலத்து வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், கொண்டை போட்டு, கறுப்புச் சட்டை. சட்டையின் கழுத்துத் தையல் எனக்குப் பிடித்தது. மேரி கியூரி. அவர் பிறந்த நவம்பர் 7-ஐ மருத்துவ இயற்பியல் நாள் என்று உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்களாம். மூன்று மாதமாகியும் சுவரொட்டியைக் கழற்றவில்லை. அதற்குக் கீழே ஒரு சீனப் பேராசிரியரின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தாள்.

"இவர் யாரும்மா, உன் சாரா?"

நேரடியாக இல்லையாம், அவள் படித்தது இங்கே பினாங்கிலிருக்கும் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில். அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இங் குவான் ஹூங். சர்வதேச மருத்துவ இயற்பியல் அமைப்பு மேரி கியூரி பெயரில் கொடுக்கும் விருதை 2018-ல் வாங்கியவர். கோலாலம்பூரில் உட்கார்ந்து வேலை செய்த நம் நாட்டு ஆள். தென்கிழக்காசிய நாடுகளின் இயற்பியலாளர்களுக்கு ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தி, அதன் முதல் தலைவராக இருந்தவர். அவர் நிறைய வேலை செய்தது எதில் தெரியுமா? மேமோகிராமில், மார்பின் அடர்த்தியை அளப்பதில். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்! அதைக் கேட்டதும் அந்தச் செய்தித்தாள் துண்டுக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

இவள் வர்க்கத்தில் நோபல் வாங்கியவரும் இருக்கிறார், அந்தக் கதை இதைவிட அழகு. மகனிடம் தேடச் சொல்லி மீதியைத் தெரிந்துகொண்டேன். ஆலன் கோர்மாக், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வாத்தியார். 1956-ல் அங்கே ஒரு மருத்துவமனையின் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போக, கதிரியக்கப் பொருளை மேற்பார்வை பார்க்கச் சட்டப்படி ஒரு ஆள் வேண்டும் என்று இவரை வாரத்துக்கு ஒன்றரை நாள் கூப்பிட்டார்கள். பகுதி நேர வேலை. அங்கே கதிர்வீச்சுக்குக் கணக்குப் போடுவதைப் பார்த்தார். உடம்பு முழுக்க ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். எலும்பும் காற்றும் சதையும் ஒன்றா? உள்ளே எது எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே அளந்தால்தானே சரியாக வெட்ட முடியும் என்று அவருக்குப் பட்டது. பட்டறையில் ஓர் அலுமினிய வட்டு, அதைச் சுற்றி மர வளையம் என்று செய்யச் சொல்லி, கதிரைக் குறுக்கே விட்டு அளந்து, கணக்கில் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார். கணக்கில் நடுப்பகுதி கொஞ்சம் உதைத்தது. பட்டறையில் விசாரித்தால், வட்டின் நடுவில் வேறு தரமான அலுமினியத்தில் ஓர் ஆணி செருகியிருந்ததாம்! அது அவருக்கே தெரியாது. கணக்குக்குத் தெரிந்திருந்தது.

லைனிங் போட்டு மூடிய ரவிக்கையை வெளியே தடவிப் பார்த்தே உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்வார் என் குருநாதர். அந்த மாதிரி ஆள் போல.

1963-லும் 1964-லும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவை ஆராய்கிற நிலையம் ஒன்று மட்டும், மலையில் பனி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்க்க உதவுமோ என்று பிரதி கேட்டு எழுதியதாம். பிறகு இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இஞ்சினியர் தனியாக இயந்திரமே செய்துவிட்டார். 1971-ல் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். 1979-ல் இருவருக்கும் சேர்த்து மருத்துவ நோபல். அதுதான் சிடி ஸ்கேன், என்னைப் படுக்க வைத்து அளவு எடுத்த அதே இயந்திரத்தின் பாட்டன். கதிர்வீச்சுக்கு அளவு சரியில்லையே என்ற ஒரு வெட்டுக்காரனின் எரிச்சலில் ஆரம்பித்த விஷயம். சிகிச்சை இயந்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு கை நீட்டிப் படம் எடுக்கிறது என்றேனே, அப்படிப் படுத்த நிலையிலேயே சுற்றிப் படம் எடுத்துச் சரிபார்க்கும் முறைக்கும் ஒரு மருத்துவ இயற்பியலாளர்தான் முன்னோடி, கனடாவின் டேவிட் ஜாஃப்ரே.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, கட்டிங் மாஸ்டர். பெரிய கடைகளில் முன்னால் நின்று சிரித்துத் துணி விரிக்கிறவர் ஒருவர், அளவு எடுக்கிறவர் ஒருவர். வாங்குகிறவர்கள் அவர்களைத்தான் பார்ப்பார்கள், அவர்களுக்குத்தான் தீபாவளி இனாம். ரவிக்கை பொருந்துமா பொருந்தாதா என்று முடிவு செய்கிறவர் பின்னறையில் கத்தரியோடு நிற்பவர். நானும் ஆறு வருஷம் பின்னறையில் நின்றவள்தான். இந்த மருத்துவமனையின் வரவேற்பறைச் சுவரில் டாக்டர்களின் படம் வரிசையாக இருக்கிறது, பட்டம், படித்த ஊர் எல்லாம் போட்டு. எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட இயற்பியலாளருடையது இல்லை. இயந்திரத்தின் படம்கூட இருக்கிறது.

தோல் விஷயம் சுருக்கமாக. மூன்றாம் வாரம் சிவந்தது. முடிந்த பிறகு பத்து நாள்தான் மோசம், மார்பின் கீழ் மடிப்பில் எரிச்சல். பருத்தித் துணி மட்டும் போடுங்கள், கம்பி வைத்த உள்ளாடை வேண்டாம், கிரீம் அவர்கள் சொன்னதை மட்டும் தடவுங்கள். அசதி உண்டு, மத்தியானம் தையல் மெஷின் மேலேயே தலை சாய்ந்துவிடும். நாசி கண்டார் சோறு, குழம்பு மேல் ஆசை போகவில்லை, அது ஒரு நல்ல அறிகுறி என்று வீட்டுக்காரர் சொன்னார்.

நட்சத்திரக் கணக்கு. மூச்சுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ரேடியோகிராபர் பையனுக்கும் அவன் தமிழுக்கும் 5. டாக்டருக்கு 4, நல்லவர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கவுண்டருக்கு 1, அதுவும் ஏசிக்காக. ஒப்புதல் பாரம் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டும். பினாங்கில் தமிழில் ஒரு தாள் அடிக்க என்ன செலவாகிவிடும்? அதற்கு அரை நட்சத்திரம் குறைக்கிறேன். பின்னறைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், 5-க்கு மேல் போட அனுமதி இல்லை. மொத்தத்தில் 4. கவுனை மாற்றினால் நாலரை. "பிளானிங்" யார் செய்கிறார்கள் என்று முதல் நாளே கூப்பிட்டு முகத்தைக் காட்டினால் 5. நீங்கள் போகும் இடம் எதுவானாலும், "எனக்குப் பிளான் போடுகிறவரைப் பார்க்கலாமா" என்று நீங்களாகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் வருவார்கள், கூச்சத்தோடு.

கவுன் விஷயத்தைச் சும்மா விட முடியவில்லை. கடைசி வாரத்தில் மீந்த பருத்தித் துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து பக்கத்தில் நாடா கட்டுகிற மாதிரி, இடது தோளில் தனித் திறப்பு. பட்டன் கிடையாது. படுத்ததும் இடது பக்கம் மட்டும் விலகும், வலது பக்கம் மூடியே இருக்கும். ரேடியோகிராபர் பெண்கள் மூன்று பேர் கூடி நின்று பார்த்தார்கள். சீனப் பாட்டிக்கு ஒன்று, இன்னும் இரண்டு பேருக்கு ஆளுக்கொன்று தைத்துக் கொடுத்தேன். மருத்துவமனைக்கு மாதிரி ஒன்று கொடுத்தேன். "மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்புறோம்" என்றது கவுண்டர். அது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை கடைக்கு வந்தாள். அண்ணன் கல்யாணத்துக்கு ரவிக்கை, மாம்பழக் கலர் பட்டு. திரும்பி நிற்கச் சொல்லி டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டதும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா" என்றேன். "இங்க புடிக்கக் கூடாது."

மார்பு 34, கைக்குழி பதினஞ்சே முக்கால், கை நீளம் ஒன்பதரை. எழுதிவிட்டு இன்னொரு தடவை அளந்தேன். கல்யாணம் இருபத்திரண்டாம் தேதி. பன்னிரண்டாம் தேதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். காடாத் துணியில் நேற்றே வெட்டியாயிற்று.